கை மூடாத பிடி: ஒளிவாள் செய்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் கல்முனையிலிருந்து மூன்று பொடியன்கள் ஆரையம்பதியில் இருக்கும் என் பட்டறைக்கு வந்தார்கள். குறும்படம் எடுக்கிறார்களாம். ஸ்டார் வோர்ஸ் படத்தில் வருகிற மாதிரித் தாங்களே செய்த இரண்டு ஒளிவாள்களை, அதாவது வெளிச்சம் எரிகிற பிளாஸ்ரிக் குழல் வாள்களை, சாக்கில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்கள். ஒன்றைக் கையில் எடுத்ததும் சிரிப்பு வந்தது, கூடவே எரிச்சலும் வந்தது. பல வருடங்களுக்கு முன் நான் செய்த அதே பிடி. அதே தடிப்பு, அதே ரெக்சீன், அதே பெருமை.

வயரை மாற்றிக் கொடுப்பது, பசை காயுமுன் வாளை வீசிப் பார்ப்பது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை. ஒருமுறை பட்டால் தானாகத் திருந்தும். பட்டும் திருந்தாதவை சில இருக்கின்றன.

பற்றரியை அளந்து பிடி செய்வது

இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது.

மகாபாரதக் கதைகளை ஆடுகிற எங்கள் வடமோடிக் கூத்தை விண்வெளிக்குக் கொண்டுபோகிற ஒரு நாடகத்துக்கு எட்டு ஒளிவாள் கேட்டார்கள். அர்ச்சுனனும் கர்ணனும் ஒளிவாளோடு மோத வேண்டும். வில்லை ஏன் விட்டார்கள் என்று கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லை. நான் ஒத்துக்கொண்டேன். விடிய விடிய ஆடுகிற கூத்து என்பதால் வெளிச்சம் நின்று போகக் கூடாது என்பதே என் ஒரே கவலை. ஆகவே பெரிய ரோச்சுக்குப் போடுகிற குண்டுப் பற்றரி மூன்றை எடுத்தேன். ஒன்றின் விட்டம் 34 மில்லிமீற்றருக்கு அருகில். 40 மில்லிமீற்றர் பி.வி.சி. குழாய்க்குள் பற்றரி போனது, ஆனால் வயருக்கும் கிளிப்புக்கும் இடமில்லை. சரி என்று 50 மில்லிமீற்றர் குழாய்க்குத் தாவினேன். கைக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று 3 மில்லிமீற்றர் ஸ்பொஞ்ச் சுற்றினேன். அதன்மேல் 1 மில்லிமீற்றர் ரெக்சீன்.

கணக்கைப் பாருங்கள். சுற்றுகிற எதுவும் இரண்டு பக்கமும் ஏறும். 4 மில்லிமீற்றர் சுற்றினால் விட்டத்தில் 8 கூடும். ஆக 58. அதன் சுற்றளவு 18 சென்ரிமீற்றருக்கு மேல். என் பெருவிரலையும் நடுவிரலையும் சேர்த்து வளையமாக்கினால் உள்ளே 13 சென்ரிமீற்றர்தான் வருகிறது. ஐந்து சென்ரிமீற்றர் இடைவெளியோடு ஒரு மனிதன் வாள் பிடிக்க வேண்டும் என்று நான் முடிவு செய்திருக்கிறேன்! மேசையில் வைத்துப் பார்க்க என்னவோ அழகாகத்தான் இருந்தது.

ஒத்திகையில் முதல் கால் மணி நேரம் எல்லாம் சரி. அப்புறம் கர்ணனாக ஆடினவர் இடையிடையே கையை உதறத் தொடங்கினார். விரல்கள் சுற்றி வந்து மூடினால் பெருவிரல் மேலே பூட்டுப் போடும். மூடாவிட்டால் பிடி நிற்பது வெறும் அழுத்தத்தில்தான். அந்த அழுத்தம் முழுவதும் முன்கைத் தசையிலிருந்து வர வேண்டும், அது சீக்கிரம் களைத்துவிடும். வாளை வீசுவதை விட, வீசியதை நிறுத்துவதற்குத்தான் பிடிக்குப் பலம் வேண்டும். ஒரு சுழற்சியின் முடிவில் கர்ணனால் நிறுத்த முடியவில்லை. வாள் பறந்து போய்ப் பிடிப்பக்கமாக மத்தளத்தில் விழுந்தது. மூன்று குண்டுப் பற்றரியும் சேர்ந்து 400 கிராமுக்கு மேல். தோல் கிழிந்துவிட்டது.

அண்ணாவியார் கத்தவில்லை. வாளை எடுத்துக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு, “மனே, இது வாள்பிடியா உலக்கையா?” என்று மட்டும் கேட்டார். மத்தளத்துக்குத் தோல் போட்ட காசு என் கூலியில் கழிந்தது. எட்டுப் பிடியையும் திரும்பச் செய்தேன், அந்தச் செலவும் என்னுடையதே. பழையதில் ஒன்று இன்னும் பட்டறையில் தூரிகை போட்டு வைக்கிற குவளையாக நிற்கிறது. அதற்கு அளவு கச்சிதம்.

எரிச்சல் எங்கே என்றால், இதைச் சொன்னதும் புதிதாகச் செய்கிறவர்கள் உடனே ஸ்டார் வோர்ஸைக் காட்டுவார்கள். “அதுவும் குண்டுப் பற்றரிப் பிடிதானே அண்ணன்?” உண்மைதான். 1977இல் வந்த அந்தப் படத்துக்காக அதன் அரங்க அலங்காரம் செய்த ரோஜர் கிறிஸ்டியன் லண்டனில் ஒரு கமராக் கடையில், பழைய கமராக்களோடு மாட்டுகிற கிராஃப்ளெக்ஸ் பிளாஷ் பிடிகளைக் கண்டெடுத்தார். மூன்று குண்டுப் பற்றரி உள்ளே போகிற பிடி அது. ஆனால் அது மெல்லிய உலோகக் குழல், பற்றரியை விட ஒரு சொட்டுத்தான் பெரிது. அதன்மேல் ஸ்பொஞ்ச் இல்லை, நீளவாக்கில் ஒட்டிய கறுப்புப் பட்டிகள் மட்டும். நம் பி.வி.சி.யின் சுவர்த் தடிப்பையும் ஸ்பொஞ்சையும் ரெக்சீனையும் ஏற்றிவிட்டு அதைக் காட்டி வாதாடினால் நான் என்ன சொல்வது?

கையை முதலில் அளங்கள். ஆடப் போகிறவரின் பெருவிரலும் நடுவிரலும் தொடுகிற வளையத்துக்குள் ஒரு நூலை விட்டு அளவு எடுங்கள். பிடியின் சுற்றளவு, மேலே சுற்றுவதையும் சேர்த்து, அதை விட ஒன்று இரண்டு சென்ரிமீற்றர் குறைவாக இருக்கட்டும். என் கைக்கு 11, 12 வரும். அதாவது 35 முதல் 38 மில்லிமீற்றர் விட்டம். 32 மில்லிமீற்றர் குழாயில் கிரிக்கெற் மட்டைக்குப் போடுகிற ரப்பர் கிரிப்பை ஏற்றினால் ஏறத்தாழ அங்கே வந்து நிற்கும். அதற்குள் போகிற பற்றரியைப் பிறகு தேடுங்கள். 18650 என்கிற லித்தியம் பற்றரி 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம். எடை ஐம்பது கிராம்கூட இல்லை. பாதுகாப்பு மின்சுற்று உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் வாளை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

சுவிட்சை உள்ளங்கைக்குள் வைப்பது

இறுக்கிப் பிடித்தால் வாள் அணைந்துவிடும். சண்டை நடுவில்தானே எல்லோரும் இறுக்கிப் பிடிப்பார்கள்.

சுவிட்ச் பெருவிரல் எட்டுகிற இடத்தில், ஆனால் பெருவிரல் ஓய்வாக இருக்கிற இடத்துக்கு ஒரு விரல் அகலம் மேலே இருக்க வேண்டும். கொஞ்சம் குழிக்குள் அமர்த்துங்கள். இன்னொன்று: கோடரிப் பிடி நீள்வட்டமாக இருப்பதால் இருட்டிலும் வெட்டும் பக்கம் எது என்று கைக்குத் தெரியும். ஒளிவாளுக்கு அப்படி ஒரு பக்கம் இல்லை, ஆகவே உருண்டையான பிடியே போதும். ஆனால் சுவிட்ச் எந்தப் பக்கம் என்று கைக்குத் தெரிய வேண்டுமே. சுவிட்சுக்கு நேரே நீளவாக்கில் ஒரு மெல்லிய பட்டி ஒட்டிவிடுங்கள், குனிந்து பார்க்கிற வேலை இருக்காது.

மினுக்கம்

மட்டக்களப்பு வெக்கையில் வழுவழுப்பான பிடி பத்து நிமிடம் தாங்காது. வெள்ளிநிற ஸ்பிரே பெயின்ற் படத்தில் அழகு, வியர்வை பட்டால் விலாங்கு மீன். பெயின்ற் எல்லாம் கை படாத மேல், கீழ்ப் பகுதிகளோடு நிற்கட்டும்.

நீளவாக்கில் ஒட்டுகிற பட்டி, பிடி கைக்குள் உருளுவதைத் தடுக்கும். நழுவி வெளியே போவதைத் தடுக்காது. குறுக்கே போகிற வளையங்கள் நழுவுவதைத் தடுக்கும், உருளுவதைத் தடுக்காது. நான் பழைய சைக்கிள் ரியூப்பை ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி, சாய்வாக, இடைவெளி விட்டுச் சுற்றுகிறேன். இரண்டு வேலையையும் செய்கிறது, இடைவெளியில் காற்றும் போகிறது. சுற்றுமுன் ரியூப்பைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், இல்லாவிட்டால் ஆடுகிறவரின் கை கறுத்துவிடும்.

தும்புக்கயிறு சுற்றுவது

தோல் போய்விடும்.

எடையை மேலே ஏற்றுவது

வாள் நீட்டுகிற வாய்ப்பக்கம் அலங்காரம் வைக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. வளையம், நட்டு, பழைய குளோப் ஹோல்டர் எல்லாம் அங்கே ஏறும். கதையில் ஒளிக்கு எடை இல்லை, நம் கையில் இருக்கிற பிளாஸ்ரிக் குழலுக்கு இருக்கிறது. அதுவும் கிட்டத்தட்ட மூன்று அடி நீளம். மேலே இன்னும் ஏற்றினால் மணிக்கட்டு இழுபடும். பற்றரியைப் பிடியின் அடிப்பக்கம் வையுங்கள். முடிந்த வாளை ஒரு விரலின் மேல் கிடத்திப் பாருங்கள்: பிடியின் மேல் விளிம்பிலிருந்து நான்கு விரல் அகலத்துக்குள் சமநிலை வந்தால் நல்லது. தள்ளி வந்தால் அடிமூடிக்குள் இரண்டு இரும்பு வாஷர் போடுங்கள்.

கூர்முனைகள்

பிடியில் செட்டை, முள், கொம்பு எதுவும் வேண்டாம். வாளைச் சுழற்றும்போது அது முதலில் குத்துவது பிடித்திருப்பவரின் மணிக்கட்டில்.

கண்ணாடி ரியூப் லைற்றையே வாளாக்குவது

உள்ளே பாதரசம் இருக்கிறது. இதற்கு மேல் நான் எழுத வேண்டுமா?

எல்லோருக்கும் ஒரே அளவு

நீளத்தில் பெரிய சிக்கல் இல்லை. ஒரு கைப் பிடிக்கு மூடிய கையின் ஒரு முட்டி அகலம், மேலும் கீழும் இரண்டு விரல். இரு கைப் பிடிக்கு இரண்டு முட்டி, நடுவில் மூன்று விரல் இடைவெளி. ஆனால் யாருடைய முட்டி என்று கேட்க வேண்டும். அந்த நாடகத்தில் சுபத்திரையாக ஆடிய எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு விரல் வளையம் 10 சென்ரிமீற்றர்தான் வந்தது. அவளுக்கு 25 மில்லிமீற்றர் குழாயில், ரியூப்பை ஒரே ஒரு சுற்றாகச் சுற்றிக் கொடுத்தேன். அந்த எட்டில் கடைசி வரை ஒருமுறைகூடக் கீழே விழாதது அவளுடையதுதான்.

கல்முனைப் பொடியன்களின் பிடி இரண்டையும் என் மேசையிலேயே கழற்றினோம். பிறகு நூலைக் கொடுத்து மூன்று பேரையும் அளக்கச் சொன்னேன். மூன்று கையும் மூன்று அளவு. வாள் இரண்டுதான். போகும்போது வாசலில் நின்று அதைப் பற்றித்தான் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.