ஸ்கிரேப்பரை ஓட்டும் முன்: பூட்டு எங்கே இருக்கிறது?

ஸ்கிரேப்பர் என்பது இணையப் பக்கங்களிலிருந்து தரவைத் தானாக எடுக்கும் நிரல். அதை ஓட்டும் முன், முதலில் இன்காக்னிட்டோ விண்டோவில், எந்தக் கணக்கிலும் லாகின் செய்யாமல், வேண்டிய பக்கத்தைத் திறந்து பாருங்கள். பக்கம் முழுசாக வந்தால் ஒரு கதை. லாகின் பெட்டி குறுக்கே நின்றால் வேறு கதை.

அமெரிக்காவின் 1986-ஆம் ஆண்டுக் கணினி மோசடிச் சட்டம் தண்டிப்பது அனுமதியற்ற நுழைவை. உள்ளே போக உரிமை உள்ளவர் தப்பான நோக்கத்தோடு போனார் என்பதற்காக மட்டும் அது பாயாது என்று 2021-இல் வான் பியூரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த ஆண்டே, லிங்க்ட்இன்னில் எல்லோரும் பார்க்கக்கூடிய புரொஃபைல்களை ஹைக்யூ என்ற தரவு நிறுவனம் ஸ்கிரேப்பரால் எடுத்ததில் இந்தச் சட்ட மீறல் இருப்பதாகத் தெரியவில்லை என்றது ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம்.

பலரும் அதோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அதே ஹைக்யூ, 2022 முடிவதற்குள் ஒப்பந்த மீறலில் மாட்டி, 5 லட்சம் டாலர் தீர்ப்புக்குச் சம்மதிக்க வேண்டியதாயிற்று. ஆகவே கணக்கு தொடங்காதீர்கள். 'ஒப்புக்கொள்கிறேன்' பொத்தானை அமுக்கிய கணம் நீங்கள் ஒப்பந்தக்காரர். போலிக் கணக்கு இன்னும் மோசம்.

யூஆர்எல்லில் உள்ள எண்ணை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்ப்பது விளையாட்டுப் போலத் தெரியும். ஏடி&டி என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தின் சர்வரிலிருந்து ஐபேட் வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல்கள் வெளிவந்தது அப்படித்தான்; பாஸ்வேர்ட் எதுவும் உடைபடவில்லை. ஆனாலும் அதில் ஈடுபட்ட ஒருவருக்கு 41 மாதச் சிறைத் தண்டனை. 2014-இல் அது ரத்தானதும், வழக்கைத் தவறான மாநிலத்தில் நடத்தினார்கள் என்ற காரணத்தால்தான்.

'நிறுத்து' என்று வக்கீல் நோட்டீஸ் வந்தால் அன்றே நிறுத்துங்கள். ஐபி முகவரியைத் தடுத்தபின் ப்ராக்சி (வேறு முகவரியைக் காட்டும் இடைநிலை சர்வர்) மாற்றி உள்ளே போன 3டாப்ஸ் நிறுவனத்துக்கு எதிராக, கிரெய்க்ஸ்லிஸ்ட் என்ற விளம்பரத் தளம் தொடுத்த வழக்கில் 2013-இல் நீதிமன்றம் சாய்ந்தது. அந்தத் தளமோ யாரும் பார்க்கக்கூடியது. பின்வந்த தீர்ப்புகள் அந்தப் பிடியைத் தளர்த்தியிருக்கின்றன. அதற்காக நீங்கள் ஏன் பரிசோதனை எலியாக வேண்டும்?

வேகமும் முக்கியம். தனியார் அந்த அமெரிக்கச் சட்டத்தில் வழக்குப் போட, பெரும்பாலும் ஓராண்டில் 5,000 டாலர் இழப்பைக் காட்ட வேண்டும். சர்வர் திணறினால் அந்தக் கணக்கை நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி. கோரிக்கைகளுக்கு நடுவே சில வினாடி இடைவெளி விடுங்கள். 429 (கோரிக்கைகள் அதிகம் என்று சர்வர் சொல்லும் குறியீடு) வந்தால் ஸ்கிரிப்ட் தானாக நிற்கட்டும்.

சென்னையில் உட்கார்ந்து ஓட்டுபவர்கள் மேற்சொன்ன அமெரிக்கத் தீர்ப்புகளைக் கேடயமாக நினைக்க வேண்டாம். நம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, உரிமையாளர் அனுமதியின்றித் தரவை நகலெடுப்பதையே நேரடியாகச் சொல்கிறது. நேர்மையற்ற நோக்கமும் சேர்ந்தால் 66-ஆம் பிரிவு: 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.