கீபோர்டே தப்பு ஸ்பெல்லிங் எடுத்துக் குடுத்தா என்ன பண்றது? (என் அனுபவம்)

அக்கா பொண்ணு வேலைக்கு அப்ளிகேஷன் அடிக்கும்போது பாத்தேன், செபரேட்னு அடிக்க ஆரம்பிச்சாலே நடுவுல ஏ வரவேண்டிய எடத்துல ஈ போட்ட தப்பு வார்த்தைதான் சஜஷன்ல முதல்ல வந்து நிக்குது. ரொம்ப நாளா தப்பாவே அடிச்சதுல கீபோர்டு அதையே கத்துக்கிச்சு, அவ்ளோதான் விஷயம். ஜிபோர்டுல (போன்ல வர்ற கூகுள் கீபோர்டு) அந்த சஜஷனை அழுத்திப் பிடிச்சா குப்பைத்தொட்டி படம் வரும், அதுமேல இழுத்து விட்டா போயிடும். செட்டிங்ஸ்ல பர்சனல் டிக்‌ஷனரியையும் ஒரு தடவை பாத்துடுங்க.

எம்எஸ் வேர்டுலயும் இதே கதைதான், சிவப்புக் கோட்டைப் பாத்து கடுப்பாகி 'ஆட் டு டிக்‌ஷனரி' குடுத்துட்டா அப்புறம் அந்தத் தப்புக்கு கோடே வராது, ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், கஸ்டம் டிக்‌ஷனரீஸ்னு உள்ள போய்தான் அதைத் தூக்கணும். அப்படியே மொழியையும் இங்கிலீஷ் இந்தியானு மாத்தி வச்சேன், அமெரிக்கானு இருந்தா கலர்ல யூ போட்டாலே தப்புனு காட்டும் (நம்ம ஸ்கூல்ல யூ போடலன்னா அடி விழும்!).

ஆனா லூஸ்ங்கிற வார்த்தைங்களோட (lose, loose) தொல்லை இதுக்கெல்லாம் அடங்காது. தொலைக்கிறதுக்கு ஒரு ஓ, தொளதொளன்னு இருக்கிறதுக்கு ரெண்டு ஓ, ரெண்டுமே சரியான வார்த்தைங்கிறதால ஸ்பெல் செக் பெருசா கண்டுக்காது, இலக்கணத்துக்கு வர்ற நீலக் கோடும் சில சமயம்தான் மாட்டிவிடும். அதனால இந்த மாதிரி ஜோடி வார்த்தைங்களை மட்டும் கண்ட்ரோல் எஃப் போட்டுத் தேடி ஒவ்வொரு எடமா படிச்சுப் பாக்கச் சொன்னேன். அக்காமடேஷனுக்கு ரெண்டு சி ரெண்டு எம், அதை ஆட்டோகரெக்ட்டே பாத்துக்கும்.