ஃப்ளூ காய்ச்சலா? பனிமேல் பழியைப் போடாதீர்கள்

ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் "பனி ஒத்துக்கல" என்று முடித்துவிடுகிறோம். பனி பாவம். ஃப்ளூவுக்குக் காரணம் இன்ஃப்ளுயன்சா வைரஸ், அது இருமல் தும்மலில் பரவுவது. சாதாரணச் சளி மூக்கொழுகலில் மெதுவாக ஆரம்பிக்கும். ஃப்ளூ திடுதிப்பென்று வரும். காலையில் தோட்டத்துக்குப் போனவர் மதியத்துக்குள் உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போல வலிக்க, கம்பளிக்குள் சுருண்டு கிடப்பார். காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல், கடும் அசதி எல்லாம் கூடவே வரும்.

உடனே மெடிக்கலுக்கு ஓடி "காய்ச்சலுக்கு ஒரு செட்" வாங்குகிறோம். அந்தப் பொட்டலத்தில் ஆன்டிபயாட்டிக் இருந்தால் அது வைரஸை ஒன்றும் செய்யாது. பல சளி மாத்திரைகளிலேயே பாராசிட்டமால் கலந்திருக்கும். அது தெரியாமல் வீட்டில் இருக்கும் காய்ச்சல் மாத்திரையையும் போட்டால் அளவு கூடிக் கல்லீரல் கெடலாம். கத்தரித்துத் தரும் துண்டு அட்டையில் மருந்தின் பெயர்கூட முழுசாக இருக்காது, கேட்டு எழுதி வாங்குங்கள். குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது. டெங்கு இல்லையென்று தெரியும்வரை பெரியவர்களும் ஆஸ்பிரின், இபுபுரூஃபன் பக்கம் போக வேண்டாம்.

"மூணு நாள் பார்ப்போம்" என்பது திடமான ஆளுக்குச் சரி. மிளகு ரசம், கஞ்சி, ஓய்வு போதும். கர்ப்பிணிகள், 65 வயது தாண்டியவர்கள், 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள், சர்க்கரை, ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் அப்படிக் காத்திருக்கக் கூடாது. ஃப்ளூ வைரஸை அடக்க டாக்டர் எழுதித் தரும் ஓசெல்டாமிவிர் மருந்து, அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும்.

காய்ச்சல் விட்டு, ஓரிரு நாளில் மறுபடி ஏறி இருமலும் கூடினால் நிமோனியாவாக இருக்கலாம். மூச்சு வாங்குதல், நெஞ்சுவலி, உதடு நீலமாதல், பேச்சில் குழப்பம், சிறுநீர் வெகுவாகக் குறைதல் இவற்றில் ஒன்று வந்தாலே கிளம்ப வேண்டியதுதான். குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, மூச்சு இழுக்கும்போது விலாப் பக்கம் குழி விழுந்தாலோ அதே அவசரம். 3 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டாலே டாக்டர் பார்க்க வேண்டும்.

சேலத்துக்காரர்கள் ராத்திரியிலும் ஆட்டோ பிடித்துவிடலாம். மலையில் இருப்பவர்கள் 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும், மூடுபனி விழுந்தால் வண்டி ஊர்ந்துதான் போகும். ஆகவே இங்கே "விடியட்டும்" என்பதைவிடப் பெரிய தவறு இல்லை. சாயங்காலமே மூச்சு வாங்கினால் அப்போதே 108-ஐ அழையுங்கள், அல்லது நேராக ஏற்காடு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். போகும்போது காய்ச்சல் தொடங்கிய நேரத்தையும், போட்ட மாத்திரைகளின் பெயரையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வாசலில் டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.