சோபா வாங்குவதற்கு முன் ஊழியரின் நாற்காலியைப் பாருங்கள்

அலுவலகத்தை வசதியாக்கப் போகிறோம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் வாங்குவது பெரும்பாலும் கண்ணைக் கவரும் பொருள்களைத்தான். வண்ண சோபா, காபி மெஷின், மூலையில் ஒரு டேபிள் டென்னிஸ் மேசை. நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் இவை எல்லாம் இருந்தன. என் நாற்காலியை மட்டும் ஏற்றி இறக்க முடியாது. கால் தரையில் எட்டாமல், ஓர் அட்டைப்பெட்டியைக் காலடியில் போட்டுக்கொண்டு ஒன்றரை வருடம் ஓட்டினேன். டேபிள் டென்னிஸ் ஆடியது இரண்டே முறை.

ஊழியரின் பொழுதெல்லாம் கழிவது நாற்காலி, மேசை, திரை மூன்றோடும்தான். பணம் முதலில் அங்கே போகட்டும். பாதம் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். முழங்கை மேசை மட்டத்தில் இருக்க வேண்டும். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுத் தாழ்ந்தோ, கைநீட்டும் தூரத்தில் இருந்தால் நல்லது. வெறும் மடிக்கணினியில் இது நடக்கவே நடக்காது. திரையை உயர்த்தினால் விசைப்பலகையும் கூடவே ஏறிவிடும். தனி விசைப்பலகையும் மவுஸும் கொடுத்தால் பிரச்சினை தீர்ந்தது. அப்புறம், விலை உயர்ந்த நாற்காலி வாங்கினாலும் எந்தப் பிடியை இழுத்தால் என்ன ஆகும் என்று யாராவது சொல்லித்தர வேண்டும். இல்லாவிட்டால் அது கடையிலிருந்து வந்த நிலையிலேயே கிடக்கும்.

தடுப்புகளை எடுத்துவிட்டால் எல்லோரும் கலந்து பேசுவார்கள் என்று நம்புவது இன்னொரு தவறு. திறந்த கூடத்துக்கு மாறிய இரண்டு பெரிய நிறுவனங்களின் தலைமையகங்களில், ஊழியர்களுக்கு உணர்கருவி அணிவித்து ஹார்வர்டு ஆய்வாளர்கள் கவனித்தார்கள். 2018-ல் வெளியான முடிவின்படி, நேருக்கு நேர் பேச்சு ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்துவிட்டது, மின்னஞ்சல் கூடியது. எனக்கு இதில் வியப்பில்லை. நாற்பது பேர் காதில் விழும் என்றால் யார் மனம்விட்டுப் பேசுவார்கள்? ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

சத்தம் என்றதும் அதன் அளவை மட்டும் பார்ப்பதும் சரியில்லை. ஏசியின் உறுமல் பழகிவிடும். பக்கத்து மேசைக்காரர் தன் வீட்டுக் கடனைப் பற்றி போனில் மெதுவாகப் பேசினாலும் காது அங்கேயே போகும். சொல் புரிவதுதான் தொல்லை. கதவுள்ள சிறிய அறைகள் இரண்டு மூன்று இருந்தால், கூடம் திறந்ததாக இருந்தாலும் சமாளிக்கலாம்.

ஏசி சண்டைக்கு வருவோம். குளிர்கிறது என்று சொல்பவரை நச்சரிப்பவர் என்று ஒதுக்குவது எங்கும் நடக்கிறது. கட்டடங்களின் வெப்பநிலைத் தரங்களுக்கு அடிப்படையான கணக்கு 1960-களில் உருவானது. உடல் வெப்பத்துக்கு அதில் எடுத்துக்கொண்ட மாதிரி, 40 வயதும் 70 கிலோ எடையும் உள்ள ஓர் ஆண். பெண்களின் உடலில் உண்டாகும் வெப்பத்தை அந்தக் கணக்கு 35 சதவீதம் வரை மிகைப்படுத்தக்கூடும் என்று 2015-ல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. ஆக, குளிர்கிறவர் பொய் சொல்லவில்லை. ரிமோட்டைப் பூட்டி வைக்காமல், காற்று விழும் திசையைத் திருப்புங்கள். இடம் மாற விரும்புகிறவர்களை மாறவிடுங்கள்.

வெளிச்சத்தில் ஒன்றே ஒன்று: ஜன்னல், கணினித் திரைக்குப் பின்னாலோ முதுகுக்குப் பின்னாலோ வேண்டாம், பக்கவாட்டில் இருக்கட்டும்.

இதையெல்லாம் மேலாளர் தன் அறையில் இருந்தபடி முடிவு செய்வதுதான் பெரிய தவறு. கருத்துக் கேட்டுவிட்டுக் கிடப்பில் போடுவது அதைவிட மோசம்; அடுத்த முறை யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். முழு மாடியையும் மாற்றும் முன் நாலு மேசையை மட்டும் மாற்றி, இரண்டு வாரம் ஓடவிட்டுப் பாருங்கள். அந்த நாலில் ஒன்றில் மேலாளரும் உட்காரட்டும், முடிந்தால் ஏசி காற்று நேராகத் தலையில் விழும் மேசையில்.