சாய்ப்புக்கு எத்தனை கன அடி மரம்? கடைக்குப் போகுமுன் போட வேண்டிய கணக்கு

காரைக்குடியில் எந்த மரக்கடையிலும் "ஒரு சாய்ப்பு போடணும்ண்ணே, எவ்வளவு மரம் ஆகும்?" என்று கேட்டால், கடைக்காரர் மோட்டுவளையைப் பார்த்து ஓர் எண்ணைச் சொல்வார். அந்த எண்ணோடு ஒத்துப்பார்க்க நம் கையிலும் ஒரு கணக்கு வேண்டும்.

வீட்டுப் பின்கட்டில் சுவரை ஒட்டி இறங்கும் சாய்ப்பு ஒன்று, 20 அடி நீளம், 10 அடி அகலம். மங்களூர் ஓடு, ஒருபக்கச் சரிவு என்று வைத்துக்கொள்வோம். (நாட்டு ஓட்டுக்கு ரீப்பரை, அதாவது ஓடு உட்காரும் குறுக்குச் சட்டத்தை, மிக நெருக்கி அடிக்க வேண்டும். இந்தக் கணக்கு அதற்கு ஆகாது.)

1. கைமரத்தின் நீளம்

கைமரம் என்பது சுவரிலிருந்து சரிந்து இறங்கி ரீப்பரைத் தாங்கும் கட்டை. அதற்குத் தரையில் அளந்த 10 அடி போதாது. இறவாரம் (கூரையின் கீழ் விளிம்பு) 1½ அடி வெளியே நிற்க வேண்டும், ஆக 11½. இரண்டடிக்கு ஓரடி உயரம் என்று சரிவு வைத்தால் 5¾ அடி ஏறும். பள்ளிக்கூடத்தில் படித்த கர்ணம்தான்: 12.9 வரும், 13 என்று எழுதுங்கள். கணக்கு வராவிட்டால் சுவரில் ஆணி அடித்து, கயிற்றைச் சரிவாக இழுத்துப் பிடித்து அளந்துவிடலாம்.

2. எண்ணிக்கை

2 அடிக்கு ஒரு கைமரம். 20 ÷ 2 = 10. அதோடு ஒன்று கூட்டி 11. நான் முதல் தடவை அந்த ஒன்றை மறந்து, ஒரே ஒரு கட்டைக்காக மறுபடியும் குட்டியானை பிடித்தேன். ஆசாரி அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தார்.

3. ரீப்பர்

இடைவெளி 12½ அங்குலம் என்று கொள்வோம். வாங்கப்போகும் ஓடு இரண்டைக் கோத்துப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். 13 அடி என்பது 156 அங்குலம். வகுத்தால் 12½, அதை 13 ஆக்கி, ஒன்று கூட்டி 14 வரிசை. வரிசைக்கு 20 அடி, மொத்தம் 280 அடி.

இங்கேதான் பலர் ஏமாறுவது. ரீப்பரின் இணைப்பு கைமரத்தின் மேல்தான் விழ வேண்டும். 9 அடித் துண்டு வாங்கினால் 8-இல் அறுக்க வேண்டும், ஓரடி அடுப்புக்கு. 10 அடியாகக் கேளுங்கள்.

4. கன அடி

அகலம் (அங்குலம்) × கனம் (அங்குலம்) × நீளம் (அடி) ÷ 144.

கைமரம் 5×2, 13 அடி, 11 எண்ணம்: 9.9
ரீப்பர் 2×1, 280 அடி: 3.9
சுவர்மேல் சட்டம் 4×3, 20 அடி: 1.7
தூண்மேல் உத்திரம் 6×4, 20 அடி: 3.3

கூட்டினால் 19-க்குக் கொஞ்சம் குறைவு. சேதாரம் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் 21. (தேக்குக்குச் சொன்ன அளவுகள் இவை. தூண்களை 5 அடிக்கு ஒன்றாக நிறுத்தியிருக்கிறேன். வேறு மரமென்றால் ஆசாரியிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.)

கடையில் 21 என்று மட்டும் சொல்லாதீர்கள். நீளமும் எண்ணிக்கையும் எழுதிய சீட்டை நீட்டுங்கள். இல்லாவிட்டால் கன அடி சரியாக இருக்கும், கைமரம் 12 அடியில் வந்து நிற்கும்.

பழைய மரம் வாங்குவோருக்கு

நம் பக்கத்தில் இடித்த வீட்டு பர்மா தேக்கு கிடைப்பது பெரிய வசதி. ஆனால் 6×5 உத்திரம் ஒன்றை அறுத்தால் 5×2 மூன்று வரும் என்று எண்ணிவிடாதீர்கள். ஒவ்வோர் அறுப்பிலும் வாள் சுமார் ⅛ அங்குலம் தின்றுவிடும். இரண்டு அறுப்புக்குப் பிறகு மூன்றாவது 1¾ தான் தேறும். அதை ரீப்பருக்கு ஒதுக்கிவிடுங்கள். முனையில் பழைய துளை இருந்தால், அதைத் தள்ளிவிட்டு டேப்பைப் பிடிக்கச் சொல்லுங்கள்.