ஒற்றைச் சக்கர வண்டிக்குச் சொந்தமாகச் சட்டகம் அமைத்தல்: ஓட்டும் முறைக்கேற்ற அளவுகளும் வீணாய்ப்போன என் முதல் சட்டகமும்

ஞாயிற்றுக்கிழமைகளில் பெங்களூரு கப்பன் பூங்காவுக்குள் மோட்டார் வண்டிகளை விடுவதில்லை என்பதால், பழைய 20 அங்குல யூனிசைக்கிள் ஒன்றை வாங்கி அங்கேதான் பழகினேன். ஒரு பாதத்தைப் பெடலிலிருந்து எடுத்துச் சட்டகத்தின் மேல் வைத்துக்கொண்டு ஓட்டும் வித்தைக்கு வந்தபோது, வளைந்த தோளில் பாதம் ஒவ்வொரு முறையும் வழுக்கியது. தோள் என்று நான் சொல்வது, சக்கரத்தின் இருபுறமும் இறங்கும் சட்டகக் கால்களையும் இருக்கைக் குழாயையும் இணைக்கும் குறுக்குப் பகுதியை. கடைக்காரர்கள் அதைக் கிரவுன் என்பார்கள். தட்டையான தோள் வேண்டும் என்பதற்காக நானே சட்டகம் செய்யத் துணிந்தேன். முதலாவது லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. இரண்டாவதைத்தான் இன்றும் ஓட்டுகிறேன். சக்கரம், அதன் நடுவிலுள்ள ஹப், பெடலை அச்சோடு இணைக்கும் கிராங்க் ஆகியவை உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன என்று எடுத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

முதல் படி: எதற்காக ஓட்டப்போகிறீர்கள்?

வித்தைகள் காட்டும் ஃப்ரீஸ்டைல் ஓட்டுபவருக்குப் பாதம் வைக்கத் தட்டையான, டயருக்கு நெருக்கமான தோள் தேவை. தடைகள்மேல் தாவும் ட்ரையல்ஸ் ஓட்டுபவர் இருக்கையைக் கையால் பற்றிக்கொண்டு குதிப்பார் என்பதால் இருக்கை தாழ்ந்திருக்க வேண்டும். அதற்கு இருக்கைக் குழாய் குட்டையாக இருப்பது அவசியம். மலைப்பாதையில் ஓட்டுவதற்கு அகன்ற டயரும், சேறு ஒட்டினாலும் உரசாத இடைவெளியும், பிரேக் மாட்டும் இடமும் வேண்டும். தோளின் மூலைகள் துருத்திக்கொண்டிருந்தால் முழங்காலில் இடிக்கும். பந்தயத்தில் ஓட்டுவதற்கு என்றால் சர்வதேச யூனிசைக்கிள் கூட்டமைப்பின் விதிகளை முதலில் படியுங்கள்: 24 அங்குலப் பிரிவில் டயரின் வெளிவிட்டம் 618 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது, கிராங்க் 125 மி.மீ.க்குக் குறையக்கூடாது. எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே சட்டகத்தைச் செய்துவிடலாம் என்ற ஆசை எனக்கும் இருந்தது. கீழே உள்ள கணக்கைப் போட்டதும் அது போய்விட்டது.

இரண்டாம் படி: உயரக் கணக்கு

அச்சின் மையத்திலிருந்து தோளின் அடிப்பாகம் வரையுள்ள உயரம், டயரின் ஆரத்தோடு இடைவெளியைக் கூட்டினால் கிடைக்கும். 20 அங்குல ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 406 மி.மீ.; அதில் பாதி 203, டயரின் உயரம் ஏறத்தாழ 50, இடைவெளி 15, ஆக 268 மி.மீ. மலைப்பாதைக்கான 24 அங்குல ரிம்மில் (507 மி.மீ.) 3 அங்குல டயர் போட்டால், 20 மி.மீ. இடைவெளியுடன் 350 மி.மீ. அளவுக்கு வரும். நெடுந்தொலைவுக்கான 36 அங்குலச் சக்கரத்தில் ரிம் 787 மி.மீ. என்பதால் 465 மி.மீ.யைத் தொடும். இவை வழிகாட்டும் எண்கள்தாம். உங்கள் டயரில் முழுக் காற்று அடித்து, நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

இருக்கையின் உயரத்துக்கு, உங்கள் உட்கால் நீளத்திலிருந்து (கவட்டிலிருந்து தரை வரை) கிராங்க்கின் நீளத்தைக் கழித்தால் அச்சிலிருந்து இருக்கையின் மேற்புறம் வரையுள்ள தூரம் தோராயமாகக் கிடைக்கும். எனக்கு உட்கால் 780 மி.மீ.; 125 மி.மீ. கிராங்க்குடன் 655. இதிலிருந்து 20 அங்குலச் சட்டகத்தின் 268, தோளின் கனம் 25, இருக்கையும் அதன் தகடும் பிடிக்கும் 95 ஆகியவற்றைக் கழித்தால் 267 மி.மீ. மிஞ்சுகிறது, 150 மி.மீ. இருக்கைக் குழாய் வைத்தாலும் தாராளமாக இடம் உண்டு. இதே ஆள் 36 அங்குலச் சக்கரத்தில் 137 மி.மீ. கிராங்க்குடன் ஏறினால் மிஞ்சுவது 58 மி.மீ. மட்டுமே. அதற்குமேல் நீளமான குழாயை வைத்தால் கால் பெடலுக்கு எட்டாது.

மூன்றாம் படி: அகலம்

இன்றைய ஹப்புகளில் பெரும்பாலானவற்றில் இரு பேரிங்குகளின் மையங்களுக்கும் இடையே 100 மி.மீ. இருக்கும், அகன்ற வகையில் 125 மி.மீ. கால் குழாய்களைப் பேரிங்குகளுக்கு நேர் மேலே, 22 மி.மீ. குழாயில் அமைத்தால், 100 மி.மீ. ஹப்பில் உள்ளிடைவெளி 78 மி.மீ.தான் வரும். 2 அங்குல டயருக்கு அது போதும். 75 மி.மீ. அகலமுள்ள 3 அங்குல டயரை அதில் நுழைத்தால் பக்கத்துக்கு ஒன்றரை மி.மீ. மிஞ்சும்; ரிம் சற்றே நெளிந்தாலும் உரசும். குழாய்களை வெளிப்புறமாகத் தள்ளினால் கணுக்காலில் படும். ஆகவே அகன்ற டயருக்கு 125 மி.மீ. ஹப்பை வாங்குவதே நேரான வழி என்பது என் கருத்து. குழாயை நசுக்கி ஓவலாக்கும் வழியும் உண்டு, தொடக்கநிலையினருக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

நான்காம் படி: பொருள்

அலுமினியத்தை விட்டுவிடுங்கள். 6061 அலுமினியத்தை வெல்டிங் செய்தால் இணைப்பை ஒட்டிய பகுதி தன் வலிமையில் பாதியளவை இழந்துவிடும்; மீட்க வேண்டுமானால் உலையில் வைத்துப் பதப்படுத்த வேண்டும். குரோமோலி எனப்படும் 4130 உருக்குக் குழாய் 1.2 மி.மீ. கனத்தில் கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் தையலில்லாத சாதா இரும்புக் குழாயே 2 மி.மீ. கனத்தில் போதும், 20 அங்குலச் சட்டகத்தின் இரு கால்களுக்கும் சேர்த்து ஏறத்தாழ 200 கிராம்தான் கூடுதலாகும். தோளுக்கு, ஃப்ரீஸ்டைல் என்றால் சதுரக் குழாய். அதன் மேற்புறத்தில் அரத்தால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிட்டால் பாதம் வழுக்காது. மலைப்பாதைக்கு மூலைகளை 45 பாகையில் வெட்டி இணைத்தாலே முழங்கால் தப்பிக்கும்.

ஐந்தாம் படி: பேரிங் பிடிப்பான்கள்

என் முதல் சட்டகம் கெட்டது இந்த இடத்தில்தான். கால்களின் அடியில் பேரிங்குகளைப் பிடித்துக்கொள்ளும் பிடிப்பான்கள் இரண்டையும் லேத்தில் அழகாகக் கடைந்து, குழாய்களில் பொருத்தி, பீன்யாவில் உள்ள ஒரு பட்டறையில் கொடுத்தேன். வரைபடத்தைப் பார்த்த வெல்டர், "சக்கரம் ஒண்ணுதானே சார், இதுக்கு எதுக்கு இவ்வளவு கணக்கு?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வெல்டிங் ஆறியதும் அளந்தால், 100 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 97 மி.மீ. இருந்தது. உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கிக் கால்களை உள்ளே இழுத்திருந்தது. அவற்றை விரித்து நிமிர்த்தினேன். தூரம் சரியானது, ஆனால் இரு துளைகளும் ஒரே நேர்கோட்டில் நிற்கவில்லை. அந்தக் கோணலைத் தாங்கிய பேரிங்குகள் இரண்டே வாரத்தில் இரைச்சலிடத் தொடங்கின. தவறு வெல்டருடையது அன்று. கால்களைப் பிடித்து நிறுத்த எதையும் கொடுக்காமல் வேலையை ஒப்படைத்தது நான்.

இரண்டாம் முறை வரிசையை மாற்றினேன். பிடிப்பானின் மேல்பாதியையும் கீழ்மூடியையும் முதலில் போல்ட்டால் இறுக்கிவிட்டு, அதன் பிறகே துளையைக் கடைய வேண்டும். உங்கள் பேரிங்கின் வெளிவிட்டம் 42 மி.மீ. என்றால், விரலால் அழுத்தினால் பேரிங் உள்ளே போக வேண்டும், தானாக விழக்கூடாது. எந்த மூடி எந்தப் பக்கத்துக்கு உரியது என்று எண் பதித்துவிடுங்கள். துளைக்கும் குழாய் இணையும் இடத்துக்கும் இடையே 25 மி.மீ. உலோகமாவது இருந்தால் வெப்பத்தால் துளை நீள்வட்டமாகும் அபாயம் குறையும்.

அடுத்து, ஒரு போலி அச்சு செய்துகொள்ளுங்கள். திடமான இரும்புத் தண்டில், 42 மி.மீ. விட்டமுள்ள இரு வளையங்கள் மையத்துக்கு மையம் 100 மி.மீ. தள்ளி நிற்குமாறு ஒரே பிடியில் கடையச் சொன்னால் போதும். பிடிப்பான்களை அதன்மேல் இறுக்கி, இருக்கைக் குழாயைக் கோணமட்டம் வைத்துச் செங்குத்தாக நிறுத்தி, முதலில் புள்ளிப் புள்ளியாக டாக் எனப்படும் தற்காலிக வெல்டிங் மட்டும் வைத்து, அளந்து பார்த்துவிட்டு, இடம் வலமாக மாற்றி மாற்றி வெல்டிங்கை முடிக்கச் சொல்லுங்கள். முழுவதும் ஆறும்வரை போலி அச்சைக் கழற்றாதீர்கள். உண்மையான பேரிங்குகளை வைத்து வெல்டிங் செய்யவே கூடாது. கிரீஸும் ரப்பர் மூடியும் கருகிவிடும். வெல்டிங் வகையில் நான் டிக் (TIG) முறையைத்தான் விரும்புகிறேன், மெல்லிய குழாயில் சூட்டைக் கட்டுப்படுத்த அது எளிது.

ஆறாம் படி: சரிபார்ப்பு

சக்கரத்தை மாட்டி, டயரின் உச்சியில் இடது, வலது இடைவெளிகளை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சக்கரத்தைக் கழற்றிப் பக்கம் மாற்றி மாட்டி மறுபடியும் அளந்து பாருங்கள். குறுகிய இடைவெளி சக்கரத்தோடு பக்கம் மாறினால் குறை ரிம்மில். அதே பக்கத்தில் நின்றுவிட்டால் குறை சட்டகத்தில். ஒரு கால் மற்றதைவிட 1 மி.மீ. நீண்டிருந்தாலே 20 அங்குல டயரின் உச்சி இரண்டரை மி.மீ. சாயும் என்பதால், இந்தச் சோதனையில் எதுவும் ஒளிந்துகொள்ள முடியாது. மூடியின் போல்ட்டுகளைச் சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும்போதே சிறிது சிறிதாக இறுக்குங்கள். சுழற்சி மட்டுப்படுவதை உணர்ந்தால் கால் சுற்றுத் தளர்த்துங்கள். இறுக்கினால் நல்லது என்ற நம் மிதிவண்டிப் பழக்கம் இங்கே பேரிங்கை நசுக்கிவிடும்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு வேலையில் இறங்கியவர்களிடமிருந்து இரண்டு சிக்கல்கள் தெரியவந்தன. பழைய வகை ஹப் வைத்திருந்த ஒருவர் 42 மி.மீ. துளை கடைந்த பிறகே தம் பேரிங்குகளின் வெளிவிட்டம் 40 மி.மீ. என்பதைக் கண்டார்; அந்த இடைவெளியைத் தகடு வைத்து நிரப்பாமல் 1 மி.மீ. கனமுள்ள வளையம் கடைந்து போடச் சொன்னேன். பத்தில் ஒரு பங்கு மி.மீ. தளர்ச்சி என்றால் மட்டும் குளிர்பான டப்பாவின் தகடு பயன்படும். இன்னொருவருக்கு, இருக்கையைத் தாங்கி இருக்கைக் குழாய்க்குள் இறங்கும் 25.4 மி.மீ. சீட் போஸ்ட் பாதியில் சிக்கிக்கொண்டது. வெல்டிங் சூட்டில் இருக்கைக் குழாயின் அடிப்பகுதி உள்ளே சுருங்கியிருந்ததுதான் காரணம். லேத் பட்டறையில் ரீமர் (துளையைச் சீராக்கும் கருவி) விட்டதும் இறங்கியது. ஆகவே ரீமரை ஓட்டி, சீட் போஸ்ட்டை முழு ஆழத்துக்கும் இறக்கிப் பார்த்த பிறகு பெயிண்ட் அடியுங்கள். அவர் பெயிண்ட் அடித்த பிறகுதான் அதைக் கண்டுபிடித்தார்.