மோட்டார் பூட்டிய சைக்கிளுக்கு முன் சஸ்பென்ஷன் ஃபோர்க் வாங்கும்போது

முன் சில்லைத் தாங்கி, குலுக்கத்தை உள்வாங்கும் சஸ்பென்ஷன் ஃபோர்க்கின் விலையைக் கேட்பதற்கு முன், சைக்கிள் சட்டத்தின் தலைக்குழாய்க்குள் ஏறும் ஃபோர்க் தண்டின் வெளிவிட்டத்தை அளந்துகொள்ளுங்கள். பழைய சைக்கிள்களில் அது பெரும்பாலும் 25.4 மில்லிமீற்றராகவும், மலைச் சைக்கிள்களில் 28.6 மில்லிமீற்றராகவும் இருக்கும்; தண்டின் நீளமும், அதில் மரை வெட்டப்பட்டிருக்கிறதா என்பதும் பொருந்தாவிட்டால் மலிவாக வாங்கியதில் பயனில்லை.

மட்டக்களப்பு, கல்முனை போன்ற கரையோர ஊர்களில் உப்புக்காற்று படுவதால், பாவித்த ஃபோர்க்கை வாங்குவோர், வெளிக்குழாய்களுக்குள் ஏறி இறங்கும் உள்குழாய்களைத் துணியால் துடைத்து, துருப்பள்ளங்கள் உண்டா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அந்தப் பள்ளங்களே குழாய்வாயை அடைக்கும் ரப்பர் வளையத்தை (சீல்) கிழித்து, மணலையும் நீரையும் உள்ளே விடுகின்றன. பின்பு முன் பிரேக்கைப் பிடித்தபடி கைபிடியை முன்னும் பின்னும் அசைக்கும்போது, இரு குழாய்களும் சேருமிடத்தில் ஆட்டம் தெரிந்தால் அதை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

மோட்டாரின் வேகத்துக்கு நல்ல முன் பிரேக் கட்டாயம் என்பதால், டிஸ்க் பிரேக் பூட்டும் இடமுள்ள ஃபோர்க்குக்குச் சற்று அதிகம் கொடுப்பது நியாயமே. சாதாரண வீதிகளுக்கு 80 முதல் 100 மில்லிமீற்றர் வரை அமுங்கினால் போதும். அளவுக்கு மீறி உயரமான ஃபோர்க் முன்பக்கத்தைத் தூக்கி, வண்டி திரும்பும் விதத்தையே மாற்றிவிடும்.